இருபத்தேழில் நின்ற மணி

ராஜபாளையம் நல்லாயன் தர்ம ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டுகள் மருத்துவராயிருந்து, 1944ஆம் வருஷம் ஜூன் மாதம் முப்பதாம் தேதி ஓய்வு பெறும் டாக்டர் ஜேசுதாசன், எல்.எம்.பி., அவர்களுக்கு உடன் உழைத்தோர் உவந்து அளிக்கும் மடல்

நாடி பிடித்த கையாலேயே நம்பிக்கையையும் பிடித்து நிறுத்திய நல்லவரே! கசந்த மருந்தைக் கனிந்த சொல்லோடு கலந்து கொடுத்த கருணையாளரே! வந்தவர் யார், வகை என்ன, வழி என்ன என்று வினவாமல், வலி எங்கே என்று மட்டும் வினவிய வள்ளலே! வணக்கம்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டுமென்று எழுத்தர் ஐயாதுரையிடம் சொல்லியிருக்கிறோம். இடையில் அவருக்கு மூச்சு வாங்கினால் தாங்கள்தான் எழுந்து வந்து பார்க்க வேண்டும். மாலை ஆறு மணி வரை தாங்கள் ஓய்வு பெறவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு ஏழு மைல். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் முப்பது வருஷம் அந்தச் சாலையில் சைக்கிள் மிதித்தீர்கள். போக வரக் கூட்டிப் பார்த்தால் பூமியை ஐந்து சுற்று சுற்றி வந்திருக்கிறீர்கள். ஐந்து சுற்றிலும் குறுக்கே கடல் வராதது தங்கள் நல்லெண்ணத்தின் பலன். ஆறாவது சுற்றின் தொடக்கத்தில், போன மாசியில், சைக்கிளே ஓய்வு கேட்டது. முன்சக்கரம் மட்டும் தனியாகக் கழன்று கண்மாய்க்குள் இறங்கிப் போய்விட்டது. தாங்கள் பின்சக்கரத்தோடு நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டீர்கள்.

தங்கள் ஸ்டெதாஸ்கோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தளவாய்புரத்தில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், கழுத்திலிருந்து அது நழுவித் தரையில் விழ, குனிந்து எடுத்த தாங்கள், "முப்பத்தாறு அடியில் தண்ணி ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனதாகவும், தோண்டியபோது முப்பத்தேழு அடியில் தண்ணீர் வந்ததாகவும், அந்த ஓரடிப் பிழைக்காகத் தாங்கள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் அவ்வூரார் சொல்லுகிறார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிற மடலில் நாங்கள் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆகவே அந்த ஒரு வாரத்தை மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்கள் நற்பணிகளை வரிசையாக எழுதினால் கதவளவு சட்டம் வேண்டும். யுத்த காலத்தில் காகிதத்துக்கும் தட்டுப்பாடு, கண்ணாடிக்கும் தட்டுப்பாடு. எனவே ஒன்றே ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்லத் துணிந்தோம். அந்த நிகழ்ச்சிக்கு உரியவர், கிருபாபுரத்துக் கோயிலில் மணி அடிக்கும் பால்துரை அண்ணாச்சி, இதோ முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டோம். "எம் பேரைப் போட்டே எழுதுங்க. ஆனா மூக்கைப் பத்திக் கொஞ்சமா எழுதுங்க" என்றார். எவ்வளவோ முயன்றும் அந்த நிபந்தனையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

கிருபாபுரம், சோழபுரத்துக்குக் கிழக்கே ஒரு மைலில் இருக்கும் கிறிஸ்தவ சபைக் குடியிருப்பு. அங்கே யாராவது காலமானால் கோயில் மணியைத்தான் முதலில் அடிப்பார்கள். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. ஊரார் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும், ஓரிருவருக்குள் ஆள் இன்னாரென்று தெரிந்துவிடும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த மணி ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. பால்துரைக்கு அதில் பெருமை உண்டு. அறுபத்தொரு வயதில் அவருக்கு இருந்த பெருமைகள் இரண்டு: ஒன்று அந்த மணி, மற்றது இடுப்பில் செருகியிருந்த மூக்குப்பொடி டப்பா. அவர் பொடி போட்டுத் தும்மினால் கோயில் கூரைப் புறாக்கள் சோழபுரம் போய்த்தான் உட்காரும் என்பது அவ்வூர் நிலவரம்.

1938ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எழுபத்திரண்டு வயதான ஞானப்பூ அம்மாள் காலமானார். தாங்கள் பல மாதம் வைத்தியம் பார்த்த அம்மாள்தான். பால்துரை கயிற்றைப் பிடித்தார். ஒன்று, இரண்டு என்று நிதானமாக அடித்துக்கொண்டே வந்தவருக்கு, இருபத்தேழாவது அடியில் மூக்கு அரித்தது. மூக்கு அரிக்கும்போது எண்ணிக்கை தவறிவிடும் என்று அஞ்சினார். எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காகவே கயிற்றை விட்டார். இது அவர் எங்களிடம் சொன்ன நியாயம். ஒரு சிட்டிகைக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ஆனால் அன்றைக்குப் பார்த்து டப்பா மூடி இறுகிவிட்டது. நகத்தால் நெம்பினார், படிக்கட்டில் தட்டினார், பல்லால் கடித்தார். மூடி திறந்து, பொடி ஏறி, தும்மல் தீர்ந்து, அவர் மறுபடியும் கயிற்றைப் பிடிப்பதற்குள் ஐந்து நிமிஷம் போய்விட்டது. மீதி நாற்பத்தைந்தையும் ஒன்று குறையாமல் அடித்து முடித்தார்.

அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஏசம்மாள் விழுந்தாள்.

ஏசம்மாள் நாற்பத்தொன்பது வயது விதவை. பருத்திக் காட்டில் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகன் சத்தியநேசன், சங்கரன்கோவிலுக்கு அப்பால் கிணறு வெட்டும் கூட்டத்தோடு போயிருந்தான். பாறையில் வெடி வைக்கிற வேலை. அவன் போன நாளிலிருந்து எங்கே டமார் என்றாலும் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். மணி அடிக்கக் கேட்டதும் விரல் கணுவில் எண்ணத் தொடங்கினாள். இருபத்தேழில் மணி நின்றது. கிருபாபுரத்தில் இருபத்தேழு வயதில் இருந்தது ஒரே ஆள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "எய்யா" என்று ஒரு சொல் சொன்னாள். பருத்திச் செடிமேலேயே சாய்ந்தாள்.

ஊருக்குள் குழப்பம் வேறு விதமாக இருந்தது. இருபத்தேழு தனியாகவும் நாற்பத்தைந்து தனியாகவும் அடித்ததால் சாவு இரண்டு என்று முடிவாயிற்று. நாற்பத்தைந்து யார்? அந்த வயதுக்காரர்கள் நாலு பேர் அவரவர் வீட்டு வாசலில் வந்து நின்று, செத்தது தாம் இல்லை என்பதைப் போவோர் வருவோருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாமவர் ஊரில் இல்லாததால், அவர் மனைவி பாதி அழுதுவிட்டு மீதியைத் தகவல் வரட்டும் என்று நிறுத்தி வைத்தாள்.

கோயிலை விட்டு வெளியே வந்த பால்துரையைக் கூட்டம் சூழ்ந்தது.

"ஏலே, ரெண்டு பேராலே செத்தது?"

"ஒரே ஆளுதான். ஞானப்பூ சின்னம்மை."

"பொறவு எதுக்கு நடுவுல நிறுத்துன?"

"நான் எங்க நிறுத்துனேன்? எழுவத்திரெண்டும் ஒரே இழுப்புல அடிச்சேன். நடுவுல காத்து சத்தத்தைத் தூக்கிட்டுப் போயிருக்கும்."

சொல்லி வாயை மூடவில்லை, வேலுசாமியின் மாட்டு வண்டியில் ஏசம்மாளைக் கிடத்திக் கொண்டு வந்தார்கள். முகம் சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வேர்வை. "மணி இருவத்தேழுல நின்னுட்டு. எம் புள்ள போயிட்டான்" என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை. இல்லையம்மா, செத்தது ஞானப்பூ என்று நாலு பேர் சொன்னார்கள். மகனை நினைத்துத் தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். மனிதர்கள் தேற்றுவார்கள், மணி தேற்றாது. பால்துரை வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு ராஜபாளையம் வரை நடந்தே வந்தார். மூக்கு வழியெல்லாம் அரித்தது. டப்பாவைத் தொடவில்லை.

அன்று மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டர், மாதம் ஒருமுறை வருகிற வழக்கப்படி, ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். ஏசம்மாளுக்குத் தாங்கள் மார்பியா ஊசி போட்டுவிட்டு நாடி பார்த்தீர்கள். நூற்று முப்பது, அதுவும் நடுநடுவே விட்டுவிட்டு. வார்டு ஜன்னலுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்ற பால்துரைக்கு உள்ளே நடந்த பேச்செல்லாம் கேட்டது. கேட்காமலிருக்க அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை.

"மிஸ்டர் ஜேசுதாசன், கரோனரி ரத்தக்குழாய் அடைச்சாத்தான் மாரடைப்பு. அது அடைக்கணும்னா நல்லாத் தின்னுருக்கணும், குடிச்சிருக்கணும், சுருட்டுப் பிடிச்சிருக்கணும். கூழ் குடிக்கிற இந்தம்மா உடம்பில அடைக்கிறதுக்கு என்ன இருக்கு? வெறும் பயம். ஹிஸ்டீரியா. நாளைக்கு எழுப்பி நடக்கவிட்டு வீட்டுக்கு அனுப்புங்க."

"இருக்கலாம் சார்" என்றீர்கள் தாங்கள். பெரியவர்கள் சொன்னதை மறுக்கப் போகும்போதெல்லாம் தாங்கள் சொல்லும் சொல் அதுதான். "ஆனா ஏழு வருஷத்துக்கு முந்தி நான் ஒரு நெஞ்சைத் தொறந்து பாத்தேன்."

சுந்தரபாண்டியத்துக் கருத்தப்பாண்டியைப் பற்றித்தான் தாங்கள் சொன்னீர்கள். கண்மாய் உடைந்து, தன் காளை ஜோடி கண்ணெதிரே வெள்ளத்தில் போனதைப் பார்த்தவர். அன்றைக்கே நெஞ்சு வலி, மூன்றாம் நாள் மரணம். தம்பிதான் விஷம் வைத்தான் என்று பேச்சு எழுந்து, போலீசார் அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். பிரேதப் பரிசோதனை தங்களுக்கு வந்தது. வயிற்றில் விஷம் இல்லை.

"நெஞ்சுத் தசை ஒரு பக்கம் செத்துப் போயிருந்தது சார். சரி, குழாய் அடைச்சிருக்கும்னு தேடுனேன். வாய்க்காலை முழுக்க நடந்து பாத்தாப்ல ஒவ்வொரு குழாயா நீளத்துக்கும் வெட்டிப் பாத்தேன். ஒரு இடத்திலயும் அடைப்பு இல்ல. ஆனா வயல் ஒரு மூலையில கருகிக் கெடக்கு. யாரோ மடையை மூடிட்டு, பயிர் காஞ்ச பொறவு தொறந்துவிட்டுப் போன மாதிரி."

"யாரு மூடினது?"

"அது எனக்குத் தெரியல சார். ஆனா கருகினது கருகினதுதான். கண்டதைக் கண்டபடி எழுதிக் குடுத்தேன். தம்பியை விட்டுட்டாக."

பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவோம் என்று சொல்லி நகர்ந்தார். பால்துரைக்கு மற்றதெல்லாம் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. பயத்தினால் ஓர் ஆள் சாக முடியும். கருத்தப்பாண்டி செத்தேயிருக்கிறார். அவர் மடையை வெள்ளம் மூடியது. ஏசம்மாளின் மடையை மூடியது யார் என்பது இந்த உலகத்தில் பால்துரை ஒருவருக்குத்தான் தெரியும்.

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வழக்கம் தங்களுக்கு உண்டு. நெஞ்சு வலி என்று யார் வந்தாலும் நோயாளிச் சீட்டில் ஓரமாகக் கோடு கிழித்து, 'முன் நடந்தது' என்று எழுதி, வலி வருவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டுக் குறிப்பீர்கள். சண்டையா, சாவா, சந்தோஷமா, பாம்பைக் கண்டாரா, பங்காளியைக் கண்டாரா? அன்றைக்கும் வண்டியோடு வந்தவர்களைக் கேட்டீர்கள். மணி இருபத்தேழு அடித்தது, பிறகு நாற்பத்தைந்து அடித்தது என்றார்கள். தாங்கள் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினீர்கள். ஞானப்பூ அம்மாளின் வயது தங்களுக்கு மனப்பாடம். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே புங்க மரத்தடிக்கு வந்தீர்கள்.

பால்துரையின் வலது கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோலத் திருப்பினீர்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பழுப்பேறியிருந்தன.

"அண்ணாச்சி, எந்த மூக்கு?"

பால்துரை விரல்களை வேட்டியில் துடைத்தார். "ரெண்டும்தான் அய்யா" என்றார்.

அதற்குமேல் எல்லாம் தானாகவே வந்தது: அரிப்பு, மூடி, படிக்கட்டு, பல். சொல்லி முடித்து, "நான் அவளைக் கொன்னுட்டேனா அய்யா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. ஆனா அவ மகன் செத்துட்டான்னு நம்பிக்கிட்டே கெடக்கா. நம்புற ஒவ்வொரு நிமிஷமும் நெஞ்சுமேல ஒரு கல்லு. அவனைக் கூட்டியாற ஆள் அனுப்பியாச்சு. வர மூணு நாளாகும். அதுவரைக்கும் அந்த நெஞ்சு தாங்காது. நான் சொன்னா அவ நம்ப மாட்டா. மணி சொன்னதுக்கு மேல எவன் பேச்சும் எடுபடாது. மணி அடிச்சவர் நீங்க ஒருத்தர்தான்."

"சொன்னா எங் கையில இருந்து கயித்தைப் புடுங்கிருவாக. முப்பத்தெட்டு வருஷம் அய்யா. ஊரு முழுக்கக் கேட்டப்போ நிறுத்தலேன்னு சொல்லிட்டேன்."

தாங்கள் வார்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கயிற்றை விட்ட கை வெறுமையாக எப்படி இருக்கும் என்று பால்துரை ஒரு முறை நினைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

கட்டிலருகில் ஆயா இருளம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். தாங்கள் ஏசம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தை எடுத்து மறு கையில் வைத்துக்கொண்டீர்கள்.

"ஏசம்மா" என்றார் பால்துரை.

அவள் கண்ணைத் திறந்தாள். "வாங்கண்ணே. எம் புள்ளைக்கு நீங்கதான அடிச்சிய. நல்லா நிதானமா அடிச்சிய. ஒண்ணொண்ணாக் கேட்டேன்."

நெஞ்சில் அந்தச் சொல் இறங்கிய இடத்தைத் தடவிப் பார்த்த பால்துரைக்கு, பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது.

"உம் புள்ளைக்கு அடிக்கல, தாயி. ஞானப்பூ சின்னம்மைக்கு அடிச்சேன்."

"அவுகளுக்கு எழுவத்திரெண்டுல்லா. நான் கேட்டது இருவத்தேழு. கோயில் மணி பொய் சொல்லாது."

"மணி சொல்லல. நாந்தான் நடுவுல நின்னுட்டேன்."

"எதுக்கு?"

"பொடி போட."

இருளம்மாளின் விசிறி நின்றது.

"என்னது?"

"பொடி. டப்பா மூடி தொறக்கல. பல்லால கடிச்சு... செத்த நேரம் ஆயிட்டு. பொறவுதான் மிச்சத்தை அடிச்சேன். நாப்பத்தஞ்சு."

ஏசம்மாள் போர்வைக்கு மேல் கையை வைத்து, பெருவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொடத் தொடங்கினாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. கை ஓய்ந்தபோது மற்றக் கையை எடுத்தாள். வார்டு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் உதட்டைப் பார்த்தது. அந்த எண்ணிக்கை நடந்த நேரத்தில் தமக்குத் தலையில் மிச்சமிருந்த கறுப்பு மயிரும் நரைத்தது என்கிறார் பால்துரை. தொப்பியைக் கழற்றச் சொல்லி நாங்கள் பார்த்தோம், உண்மைதான்.

"எழுவது... எழுவத்தொண்ணு... எழுவத்திரெண்டு" என்றாள். விரல் அதே கணுவில் நின்றது. பிறகு தலையைத் திருப்பினாள்.

"ஏலே பால்துரை!"

'வாங்கண்ணே'யில் இருந்த அண்ணன் போய்விட்டார்.

"உம் மூக்குல கரையான் புத்து வைக்க! எம் புள்ள உசுரு என்ன உன் டப்பா மூடியால, நீ நெனச்சா மூட, நெனச்சாத் தொறக்க? எழுவத்திரெண்டு வயசு மனுஷி, அவுகளுக்கு அடிக்கயில கூட உனக்கு ஒரு இடத்துல நிக்க முடியலியாலே?"

"அவளைப் பேச விடாதீங்க அய்யா, நெஞ்சு தாங்காது" என்று இருளம்மாள் பதறினாள்.

"பேசட்டும் இருளம்மா" என்றீர்கள், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த மருந்து நம்ம அலமாரியில இல்ல."

நாடி நூற்று முப்பதில் இருந்தது. பால்துரையின் மூக்கை முடித்துவிட்டு அவர் தகப்பனாருக்கு வந்தபோது நூற்றுப் பத்து. பாட்டனாருக்கு வந்தபோது தொண்ணூற்றெட்டு. பாட்டனாருக்கு முந்தியவர்களை அவளுக்குத் தெரியாததால் அங்கேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பால்துரை பேரின்பத்தோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தம் அறுபத்தொரு வருஷத்தில் அவ்வளவு இனிமையான வார்த்தைகளை யாரும் தம்மிடம் பேசியதில்லை என்று இன்றும் சொல்லுகிறார். கடைசியில் அவள் களைத்து, "எம் புள்ள இருக்கான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

சாப்பிட்டு வந்த பெரிய டாக்டர் அந்தத் தூக்கத்தைப் பார்த்தார். "நான் சொன்னேனே. பயம்தான். போயிடுச்சு. நாளைக்கு அனுப்பிடுங்க."

"இருக்கலாம் சார். பயம் போயிட்டு. பயம் அடிச்ச அடி உள்ளதான் கெடக்கு. ஆறு வாரம் இந்தக் கட்டிலை விட்டு இறக்க மாட்டேன்."

மேலிடத்து உத்தரவைச் செய்ய மாட்டேன் என்று தாங்கள் சொன்னதை நாங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவருக்கும் கோபம் வந்தது. நெஞ்சின் ஓட்டத்தைப் படம் பிடிக்கும் மின்சாரக் கருவி தம்மிடம் ஒன்று இருப்பதாகவும், அதை அனுப்பித் தங்கள் பிடிவாதத்தைப் போக்குவதாகவும் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

மூன்றாம் நாள் சத்தியநேசன் வந்தான். கல்லுப்போல உடம்பு, தலையிலெல்லாம் பாறைத்தூள். "எங்க எங்க ஆத்தா?" என்று வார்டுக்குள் பாய்ந்தவனைத் தாங்களே நெஞ்சில் கை வைத்து நிறுத்தினீர்கள். துக்கம் அடித்த இடத்தில் சந்தோஷமும் பலமாக அடிக்கும் என்பது தங்கள் அபிப்பிராயம். ஆகவே மிக்சர் மருந்துப் பாட்டிலில் காகிதம் வெட்டி ஒட்டி வேளை பிரித்துக் கொடுப்பதுபோல, மகனை நாலு வேளையாகப் பிரித்தீர்கள். முதல் வேளை, ஜன்னலுக்கு வெளியே ஓர் இருமல். இரண்டாம் வேளை, வராந்தாவில் நின்று வேலுசாமியோடு ஒரு பேச்சு. மூன்றாம் வேளை, தடுப்புத் துணிக்குள் நீட்டிய ஒரு கை. நாலாவதுதான் முகம். இரண்டாம் வேளை முடிந்ததுமே ஏசம்மாள் தங்களைக் கூப்பிட்டாள்.

"டாக்டரய்யா, மிச்சம் ரெண்டு வேளையையும் ஒண்ணாக் குடுத்துருங்க. எனக்குக் கேக்குது, கொறட்டை விடுதான்."

தாங்கள் கொடுக்கவில்லை. குலுக்கிவிட்டு மறுநாள் கொடுத்தீர்கள்.

பத்தாம் நாள் மதுரையிலிருந்து மூன்று பேர் தூக்கிக்கொண்டு அந்தக் கருவி வந்தது. பெரிய டாக்டரும் கூடவே வந்தார். படச்சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் வெகுநேரம் கையை இறக்கவில்லை. நெஞ்சு அடிபட்டிருந்தது. தடயம் கோணல் கோணலாகத் தெளிவாக விழுந்திருந்தது. அன்றைக்கு எழுப்பி நடக்கவிட்டிருந்தால் அவள் வாசல்படி தாண்டியிருக்க மாட்டாள் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, "அப்படின்னா எங்கேயோ அடைச்சிருக்கணும்" என்றார்.

"இருக்கலாம் சார். உள்ள பாத்துத்தான் தீரணும்னா அந்தம்மா சாகணும். அதுக்கு அவளுக்கு இப்ப சௌகரியப்படாது."

ஆறு வாரமும் ஏசம்மாள் படுத்திருந்தாள். அவள் காட்டுப் பருத்தியைப் பால்துரைதான் எடுத்தார். எடுத்ததில் பாதி பருத்தி, பாதி இலை. ஏழாவது வாரம் அவள் எழுந்து நடந்து ஊர் போய்ச் சேர்ந்து முதலில் செய்த காரியம், இலையைப் பொறுக்கி அவர் வீட்டு வாசலில் கொட்டியதுதான். அந்த இலைக் குவியலைப் பார்த்து, அவள் கைக்குப் பலம் திரும்பிவிட்டது என்று பால்துரை ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

கயிறு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தங்களுக்குத் தெரியும், சபையோருக்காகச் சொல்லுகிறோம். பால்துரை தாமே போய்ச் சபைக் குருவானவரிடம் ஒப்புக்கொண்டார். அவரை விலக்கக் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தங்களிடமிருந்து ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டு ஒன்று வந்தது. "பால்துரை, வயது 61. மணிக்கயிற்றைத் தொடுமுன் ஒரு சிட்டிகை. தும்மல் தீரும்வரை பொறுக்கவும். கயிற்றைத் தொட்டபின் மருந்து கிடையாது." டாக்டர் எழுதிய மருந்தை மறுக்கக் குருவானவருக்கு மனம் வரவில்லை. அந்தச் சீட்டு இன்றும் மணிக்கூண்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கிருபாபுரத்தில் துக்க மணிக்கு முன்னால் இப்போது ஒரு தும்மல் கேட்கும். அது கேட்ட பிறகுதான் ஊரார் விரலை நீட்டுவார்கள்.

1942இல் அந்தப் பெரிய டாக்டரிடமிருந்து தங்களுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. கார்டு என்பதால் நாங்கள் எல்லோரும் படித்துவிட்டோம். "இன்று ஒரு நெஞ்சைத் திறந்தேன். வயல் கருகியிருக்கிறது. வாய்க்கால் முழுக்கச் சுத்தம். மடையை மூடியது யார் என்று எனக்கும் தெரியவில்லை." தாங்கள் அதைப் படித்து, மடித்து, "பெரிய மனுஷன்" என்று மட்டும் சொல்லி, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டீர்கள். அடைப்பே இல்லாமல் அடிபடும் நெஞ்சங்கள் உண்டு என்று அறிந்தவரே! அறிந்ததை அடித்துப் பேசாமல், அடிபட்டவரை அணைத்துக் காத்தவரே! தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்த தெளிவாளரே! பால்துரைக்கு மூன்று நாற்காலி தள்ளி இருக்கிற ஏசம்மாளுக்கு இப்போது ஐம்பத்தைந்து. தங்களுக்கும் அதே ஐம்பத்தைந்து. இங்கே வர வண்டி வேண்டாம் என்று கிருபாபுரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். அருகில் இருப்பவன் சத்தியநேசன், முப்பத்துமூன்று. இன்னும் குறட்டை விடுகிறான்.

தங்களைக் கௌரவிக்க இன்று ஐம்பத்தைந்து மணி அடிக்கலாமா என்று பால்துரை அண்ணாச்சி ஆவலோடு கேட்டார். கிருபாபுரத்தின் நெஞ்சங்களை உத்தேசித்து வேண்டாமென்று தடுத்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக இதை வேண்டிக்கொள்ளுகிறோம். தங்கள் வயதைச் சொல்லி ஒருநாள் அந்த மணி அடிக்கத்தான் வேண்டும். இதை எழுதியவர்களும் வாசித்தவரும் கேட்டவர்களும் எல்லோரும் முன்னே போய், எவர் காதுக்கும் எட்டாத ஒரு தூரத்துக் காலத்தில் அது அடிக்கட்டும். அன்றைக்கு அடிப்பவர் எவராயினும், முன்கூட்டிப் போட்ட ஒரு சிட்டிகை அவருக்குப் போதாமற் போகட்டும். இருபத்தேழில் ஒருமுறை, ஐம்பதில் ஒருமுறை, எண்பதில் ஒருமுறை, நூறைத் தாண்டி இன்னொருமுறை கயிற்றை விட்டு மூக்கைத் துடைத்துக்கொள்ளட்டும். எண்ணுகிறவர்களுக்கு இரண்டு கையின் கணுவும் போதாமல், பக்கத்தில் நிற்பவரின் கையைக் கடன் வாங்கட்டும். அப்போதும் மணி நிற்காமல் இருக்கட்டும்.

தங்கள் அன்பை என்றும் மறவாத
நல்லாயன் தர்ம ஆஸ்பத்திரி ஊழியர்கள்,
ராஜபாளையம்.

மேற்கண்டவை யாவும் நடந்தபடியே இருக்கின்றன என்பதற்குச் சாட்சி:
பால்துரை, கைநாட்டு. (மை கிடைக்காததால் பொடியில் வைத்தது.)